ஒரு பெரியவரின் கண்புரை அறுவைக்கு உதவ நினைப்பவர்களுக்கு

எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருந்தார். மீதிச் சில்லறை வாங்கும்போது ஒவ்வொரு நாணயத்தின் விளிம்பையும் கட்டைவிரல் நகத்தால் ஒரு சுற்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் போடுவார். காசு விஷயத்தில் கறாரான மனிதர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு நாணயம் கண்ணுக்கே தெரியவில்லை என்பது எனக்கு உறைக்கப் பல மாதம் ஆனது. விஷயம் தெரிந்ததும் நாலைந்து பேர் சேர்ந்து பணம் போட்டோம். ஒரே வாரத்தில் தொகை சேர்ந்துவிட்டது. அறுவை நடந்தது ஏழு மாதம் கழித்து.

அந்த ஏழு மாதமும் பணம் என் கணக்கில் சும்மாதான் கிடந்தது. முதலில் அவருடைய மகனுக்குக் கோபம். அது ஆறியபோது தாத்தாவுக்குச் சர்க்கரை எகிறியிருந்தது. சர்க்கரை இறங்கியபோது கூடப் போக ஆளில்லை. ஆள் கிடைத்தபோது தாத்தாவுக்கு இருமல்.

அதற்கப்புறம் இன்னும் சில பெரியவர்களுக்கு இதே வேலையைச் செய்திருக்கிறேன். அறுவைக் கட்டணம் எப்படியாவது கிடைத்துவிடுகிறது. பல இடங்களில் கட்டணமே கிடையாது. காரியம் தடுக்கி விழுவதெல்லாம் அதைச் சுற்றியுள்ள சில்லறைச் செலவுகளிலும் ஏற்பாடுகளிலும்தான். அதனால் இந்தக் கட்டுரையில் பணம் திரட்டுவதைவிட மற்ற விஷயங்கள் அதிகம் இருக்கும்.

முதலில், புரைதானா என்று பாருங்கள்

கண்புரை என்றால் கண்ணின் மேல் ஏதோ தோல் படர்ந்திருக்கிறது, உரித்துவிட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணுக்குள்ளே, பாப்பாவுக்குப் பின்னால் இருக்கும் லென்ஸ்தான் மங்குகிறது. இளமையில் தெளிவாக இருந்தது வயது ஏற ஏறப் பழுப்பேறி, வெளிச்சத்தை மறிக்கத் தொடங்குகிறது. அந்த லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பது ஒன்றே வழி. புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து என்று யாராவது விற்றால் அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

ஆனால் மங்கலான கண் எல்லாம் புரைக் கண் ஆகிவிடாது. கண்ணின் உள் அழுத்தம் ஏறி நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா, சர்க்கரையால் விழித்திரையில் வரும் கசிவு, விழித்திரையின் நடுப்பகுதி தேய்வது என்று வேறு காரணங்களும் உண்டு. புரையும் இவற்றில் ஒன்றும் சேர்ந்தே இருப்பதும் வயதானவர்களுக்குச் சாதாரணம். புரையை எடுத்தாலும் பின்னால் நரம்பு போயிருந்தால் பார்வை திரும்பாது. நான்கு பேரிடம் கைநீட்டிப் பணம் வாங்கிவிட்டு, கட்டுப் பிரித்த அன்று பெரியவர் 'ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே' என்று சொன்னால், அவருக்கும் துயரம், உங்களுக்கும் சங்கடம்.

ஆகவே பணத்தைப் பற்றிப் பேச்செடுக்கும் முன் ஒரு முழுக் கண் பரிசோதனை. பாப்பாவை விரியவைக்கும் சொட்டு விட்டுத்தான் பார்ப்பார்கள். அது விட்டபின் சில மணி நேரம் கண் கூசும், இருக்கிற பார்வையும் கலங்கும். பெரியவரைத் தனியாக அனுப்பாதீர்கள். மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "புரையை எடுத்தால் எவ்வளவு பார்வை வரும் என்று எதிர்பார்க்கலாம்?" புரை லேசாக இருந்தால் அதன் வழியாகவே பின்பக்கத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். கெட்டியாக இருந்தால் கண்ணுக்கு ஸ்கேன் எடுப்பார்கள். இருட்டறையில் டார்ச்சை மேலே, கீழே, இடது, வலது என்று காட்டி, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேட்பதும் இதற்காகத்தான். கை அசைவுகூடத் தெரியாத பெரியவர் நான்கு திசையையும் சரியாகச் சொல்கிறார் என்றால் நல்ல அறிகுறி.

'புரை இன்னும் முற்றவில்லை, முற்றட்டும்' என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படிச் சொன்னதுண்டு. அப்போதைய அறுவை முறை அப்படி. இப்போது காத்திருக்க வேண்டியதில்லை. அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சலாகிவிட்டால் எடுத்துவிடலாம். ரொம்பக் காத்திருந்தால் லென்ஸ் கெட்டியாகி அறுவை கடினமாகும். சில சமயம் லென்ஸ் வீங்கியோ உடைந்து கசிந்தோ கண்ணில் அழுத்தத்தை ஏற்றிவிடும். அப்போது கண் சிவந்து, தலை வெடிக்கிற மாதிரி வலி வரும். அது அவசர கேஸ். நன்கொடை சேரும்வரை தாங்காது.

பெரியவரிடம் பேசுவது

நான் அவசரப்பட்டுச் சொதப்பிய இடம் இது. தாத்தாவிடமும் சொல்லாமல், அவர் மகனிடமும் கேட்காமல் பணம் சேர்த்தேன். தெருவில் யாரோ ஒருவர் மகனிடம், "உங்கப்பாவுக்கு ஆபரேஷனுக்கு வசூல் பண்றாங்களாமே" என்று கேட்டிருக்கிறார். பிறகு மகன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவே இரண்டு மாதம் ஆனது. அவர் பக்கம் நியாயம் இருந்தது.

பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமிருந்து தொடங்குங்கள். 'நாங்கள் பணம் தருகிறோம்' என்று ஆரம்பிக்க வேண்டாம். "அப்பாவுக்குக் கண் ரொம்ப மங்கலா இருக்கு போலிருக்கே, ஒரு தடவை காட்டிட்டு வரலாமா, நான் கூட வரேன்" என்று ஆரம்பிக்கலாம். பரிசோதனை முடிந்து, அறுவை என்று முடிவானபின் செலவுப் பேச்சு தானாக வரும். அப்போது அவர்களால் எவ்வளவு முடியும் என்று கேளுங்கள். சிறு தொகையாக இருந்தாலும் அவர்கள் போடட்டும். போடுகிறவர்கள்தான் பிறகு சொட்டு மருந்து விடவும் எழுந்திருக்கிறார்கள். இது என் அனுபவம், விதிவிலக்கு இருக்கலாம்.

பெரியவர்கள் சொல்லும் மறுப்பு பெரும்பாலும் ஒரே அச்சு. "போற வயசுல எனக்கெதுக்குப்பா கண்ணு?" இதற்குள் இரண்டு விஷயம் ஒளிந்திருக்கும். ஒன்று, மற்றவருக்குப் பாரமாகிவிடுவோமோ என்ற கூச்சம். இன்னொன்று, கண்ணில் கத்தி வைப்பார்கள் என்ற பயம். கூச்சத்துக்கு வாதம் உதவாது. பயத்துக்கு உதவும்: முழு மயக்கம் கொடுக்க மாட்டார்கள், கண்ணை மட்டும் மரக்கவைப்பார்கள், பெரும்பாலும் அரை மணிக்குள் முடிந்துவிடும், பெரும்பாலானவர்கள் அன்றைக்கே வீடு திரும்பிவிடுகிறார்கள். இதை நீங்கள் சொல்வதைவிட, ஏற்கெனவே செய்துகொண்ட இன்னொரு பெரியவர் சொன்னால் பத்து மடங்கு பலன். அப்படி ஒருவரைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் எழுந்து போய்விடுங்கள்.

பாட்டிகளை இன்னும் கொஞ்சம் கவனியுங்கள். "அவருக்கு முதல்ல பாருங்க, எனக்கு என்ன அவசரம்" என்று தள்ளிப்போடுவார்கள். உலகின் பல நாடுகளில் பெண்களுக்கு இந்த அறுவை ஆண்களைவிடக் குறைவாகவே கிடைக்கிறது. கணவன் மனைவி இருவருக்கும் புரை என்றால், எந்தக் கண் அதிகம் கெட்டிருக்கிறதோ அதற்கு முதலில் என்று மருத்துவர் வாயாலேயே சொல்லவைப்பது நல்லது.

எல்லாம் சொன்னபிறகும் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டியதுதான். கண் அவருடையது. இரண்டு மாதம் கழித்து இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள்.

கட்டணமில்லாத இடம் இருக்கிறதா என்று தேடுங்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், புரையால் பார்வை குன்றியவர்கள் சுமார் 9.4 கோடிப் பேர். இவ்வளவு பெரிய பிரச்சினை என்பதால், புரை அறுவைக்கு உலகம் முழுவதும் இலவச ஏற்பாடுகளும் அதிகம். அரசு மருத்துவமனை, அரசின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம், அறக்கட்டளைக் கண் மருத்துவமனை, கண் சிகிச்சை முகாம் ஆகியவற்றை விசாரித்துவிட்டு அப்புறம் தனியார் மருத்துவமனைக் கட்டணத்தைப் பாருங்கள்.

'இலவசம்னா சரியா பண்ண மாட்டாங்க' என்ற பேச்சு வரும். 1976-ல் மருத்துவர் கோவிந்தப்பா வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இந்தப் பேச்சுக்கு நல்ல பதில். கட்ட முடிந்தவர்கள் கட்டுகிற பணத்திலேயே கட்ட முடியாதவர்களுக்கும் செய்வது என்பது அதன் கணக்கு. லென்ஸ் விலைதான் தடையாக இருந்தது. 1992-ல் ஆரோலேப் என்ற பெயரில் தாங்களே லென்ஸ் தயாரிக்க ஆரம்பித்து விலையைப் பல மடங்கு இறக்கினார்கள். ஒரு மருத்துவர் நாளுக்கு ஒன்றிரண்டு செய்வதைவிட, வரிசையாக நிறையச் செய்யும் இடத்தில் கை பழகியிருக்கும். நேபாளத்தில் மருத்துவர் சந்துக் ரூயித்தின் திலகங்கா கண் மருத்துவமனையும் இதே பாதையில் போனதுதான்.

விசாரிக்கப் போகும்போது 'இலவசமா?' என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். எது இலவசம் என்று கேளுங்கள். சில இடங்களில் அறுவை, லென்ஸ், சொட்டு மருந்து, போக்குவரத்து, கூட வருபவருக்கு இடம் எல்லாம் சேர்த்தே இலவசம். சில இடங்களில் அறுவைக்கு மட்டும். பெரிய அறக்கட்டளை மருத்துவமனைகளில் சமூகப் பணியாளர் ஒருவர் இருப்பார். கவுன்டரில் நின்று மன்றாடுவதைவிட அவரை ஐந்து நிமிடம் பார்ப்பது மேல். அடையாள அட்டை, வருமானம் பற்றிய சான்று, பழைய மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் ஒரு பெயர், சான்றில் ஒரு பெயர் என்றிருந்தால் அன்றைய நாள் வீண்.

முகாமில் செய்துகொள்வதென்றால் ஒரே நிபந்தனை: பரிசோதனை எங்கே வேண்டுமானாலும் நடக்கட்டும், அறுவை முறையான அறுவை அரங்கில் நடக்க வேண்டும். மறுவாரமும் மறுமாதமும் யார் பார்ப்பார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதில் இல்லாத முகாமுக்கு அனுப்ப வேண்டாம்.

எஸ்டிமேட்டைப் படிப்பது எப்படி

கட்டணம் கட்டித்தான் செய்ய வேண்டும் என்றால் எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள். வாயால் சொல்லும் 'பேக்கேஜ்' தொகையை நம்பி வசூலில் இறங்கினால், இரண்டாம் தடவை அதே ஆட்களிடம் போய் நிற்க வேண்டியிருக்கும். என் இரண்டாவது முயற்சியில் அதுதான் நடந்தது. ஒரு பாட்டிக்குத் தொகையைக் கட்டி முடித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தால், அறுவைக்கு முந்தைய சோதனைகள், சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி, பின்னர் போடும் பவர் கண்ணாடி எதுவும் அதில் இல்லை என்றார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சின்னத் தொகைதான். யாரும் எடுத்து வைக்காத தொகையும் அதுதான்.

எஸ்டிமேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்க வேண்டியவை: ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், இசிஜி போன்ற சோதனைகள் இதில் அடக்கமா? லென்ஸின் பவரைக் கணக்கிடும் பயோமெட்ரி அடக்கமா? லென்ஸ் எந்த வகை? மருந்து எத்தனை நாளுக்கு? மறுபரிசோதனைக்கு வரும்போது தனிக் கட்டணமா? அறுவையில் ஏதாவது சிக்கல் வந்தால் கூடுதல் செலவை யார் ஏற்பது? கடைசிக் கேள்வியைக் கேட்க எல்லோருக்கும் வாய் வராது. சிக்கல் அபூர்வம்தான், ஆனாலும் கேட்டுவிடுங்கள்.

பிறகு மருத்துவமனையின் எஸ்டிமேட்டில் எப்போதும் இல்லாத பகுதி. ஒரு தாளில் பயணங்களை எண்ணுங்கள். முதல் பரிசோதனை ஒன்று. சோதனைகளுக்கு ஒன்று. அறுவை நாள். கட்டுப் பிரிக்க மறுநாள். ஒரு வாரம் கழித்து. ஒரு மாதம் கழித்துக் கண்ணாடிக்கு. ஆறு பயணம், ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். கூட வருபவர் தினக்கூலிக்காரர் என்றால் ஆறு நாள் கூலி. அறுவைக்குப் பின் முதல் சில நாள் பெரியவருக்குச் சமைக்க, மருந்து விட ஓர் ஆள். இலவச அறுவை கிடைத்தும் வராமல் போகிறவர்கள் பெரும்பாலும் இந்தத் தாளில்தான் தடுக்கி நிற்கிறார்கள். அறுவைக் கட்டணத்தை மருத்துவமனை ஏற்றுக்கொண்டால், நீங்கள் இந்தத் தாளுக்குப் பணம் கொடுங்கள். பார்க்கப் பெரிய உதவியாகத் தெரியாது, பரவாயில்லை.

எந்த லென்ஸ், எந்த முறை

நன்கொடைப் பணத்தில் செய்யும்போது இந்த இடத்தில் குழம்பிப் போவார்கள். கவுன்டரில் மூன்று நான்கு வகை லென்ஸ்களை விலையோடு காட்டுவார்கள். உயர்ந்த விலையைத் தொடாவிட்டால் பெரியவருக்குத் துரோகம் செய்வது போல ஒரு குற்ற உணர்வு வரும். தேவையில்லை. ஒரே தூரத்துக்குத் தெளிவு தரும் மோனோஃபோகல் லென்ஸ் போதும். மல்டிஃபோகல், டோரிக் போன்றவை பெரும்பாலும் கண்ணாடி போடுவதைக் குறைப்பதற்காக வந்தவை. புரை மறைத்த பார்வையைத் திரும்பக் கொடுப்பதில் சாதாரண லென்ஸுக்குக் குறை ஒன்றும் இல்லை. படிக்க ஒரு கண்ணாடி வாங்கிக்கொள்ளலாம். லென்ஸ் விலை வித்தியாசத்தில் இன்னொரு கண்ணையே பார்த்துவிடலாம்.

இந்த லென்ஸ் வந்த கதை எனக்குப் பிடிக்கும். போர் விமானிகளின் கண்ணுக்குள், விமானத்தின் மேல்மூடி உடைந்து அதன் பிளாஸ்டிக் துணுக்குகள் புகுந்திருந்தன. அவை கண்ணை அவ்வளவாக உறுத்தாமல் அப்படியே கிடப்பதை ஹெரால்டு ரிட்லி என்ற ஆங்கிலேய மருத்துவர் கவனித்தார். அந்த வகைப் பிளாஸ்டிக்கிலேயே லென்ஸ் செய்து, 1949-ல் லண்டனில் ஒரு நோயாளியின் கண்ணில் வைத்தார். அதற்கு முன்பெல்லாம் புரையை எடுத்துவிட்டுச் சோடாப்புட்டிக் கண்ணாடிதான்.

அறுவை முறையில் இரண்டு அதிகம் காதில் விழும். பேக்கோ என்பது 2, 3 மில்லிமீட்டர் துளை வழியே அதிர்வலையால் புரையைக் கரைத்து உறிஞ்சுவது. மற்றது கையாலேயே செய்யும் சிறு வெட்டு முறை. வெட்டு 6, 7 மில்லிமீட்டர், தையல் பெரும்பாலும் தேவைப்படாது, இயந்திரச் செலவு கிடையாது. நேபாளத்தில் 108 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2007-ல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பிரிவிலும் 98 சதவீதம் பேருக்கு நல்ல பார்வை இருந்தது. பேக்கோவில் கண் சீக்கிரம் தேறும், அது உண்மை. ஆனால் ரொம்பவும் கெட்டியாகிப் போன புரைக்குச் சிறு வெட்டு முறையே வசதி என்று மருத்துவர் சொன்னால், மலிவானதைத் தலையில் கட்டுகிறார் என்று சந்தேகப்படாதீர்கள்.

பணத்துக்கு எங்கே போவது

காப்பீடு இருந்தால் அதை முதலில் பாருங்கள். பல காப்பீடுகளில் புரைக்குக் காத்திருப்புக் காலம் உண்டு; ஒரு கண்ணுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் உண்டு. முன் அனுமதி வாங்காமல் அறுவை நடந்துவிட்டால் பிறகு இழுபறிதான்.

அடுத்து, பார்வைக்காகவே வேலை செய்யும் அமைப்புகள். லயன்ஸ் சங்கங்களுக்கு இதில் நீண்ட வரலாறு: 1925-ல் அவர்களுடைய மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசிப் பார்வையற்றோருக்காக உழைக்கக் கேட்டுக்கொண்டார், அன்றிலிருந்து அது அவர்களுடைய முக்கிய வேலைகளில் ஒன்று. உங்கள் பகுதிச் சங்கத்துக்கு ஏதாவது ஒரு கண் மருத்துவமனையோடு ஏற்கெனவே தொடர்பு இருக்கும். பெரிய சர்வதேச அமைப்புகள் பெரும்பாலும் மருத்துவமனைகள் வழியாகத்தான் பணம் செலவழிக்கின்றன. ஒரு தனி மனிதருக்காக அவர்களுக்குக் கடிதம் எழுதிக் காத்திருப்பதைவிட, அவர்கள் ஆதரிக்கும் மருத்துவமனை அருகில் எது என்று கேட்பது சீக்கிரம் முடியும்.

மீதிக்கு, தெரிந்தவர்கள். ஐந்தாறு பேர் போதும். ஐம்பது பேரிடம் கேட்டால் ஐம்பது பேருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். இணையத்தில் பொது வசூல் வைப்பதை நான் கடைசிக்குத் தள்ளுவேன். இந்த அறுவைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியம் அநேகமாக வராது. தளங்கள் சில கழிவு எடுத்துக்கொள்ளும். அதைவிட முக்கியம், பெரியவரின் முகமும் நோயும் தெரியாதவர்கள் கையிலெல்லாம் சுற்றும். வைத்தே ஆக வேண்டும் என்றால் அவரிடம் படத்தைக் காட்டி, எழுதியதைப் படித்துக்காட்டி, சரி என்று சொன்னபிறகு வையுங்கள். படம் இல்லாமலும் வசூல் ஆகும்.

பணத்தைக் கட்டுவது எப்போதும் மருத்துவமனையின் பெயருக்கு. ரசீது நோயாளியின் பெயரில். தேதி முடிவாகும்வரை முழுத் தொகையையும் கட்டாதீர்கள். சர்க்கரை ஏறினால் அறுவை தள்ளிப்போகும், கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுவது தனிக் கதை. பயணத்துக்கும் மருந்துக்கும் வேண்டியதைக் கூடப் போகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள், அதற்குப் பைசாக் கணக்குக் கேட்காதீர்கள். கொடுத்தவர்களுக்கு ஒரு ரசீதுப் படமும் இரண்டு வரியும் அனுப்பினால் போதும்.

அறுவைக்கு முன்னால் கட்டாயம் சொல்ல வேண்டியவை

பெரியவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு எடுத்துப் போங்கள். 'ஏதோ பிரஷர் மாத்திரை' என்பது மருத்துவருக்கு உதவாது. குறிப்பாக இரண்டு. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவர் முடிவு செய்யட்டும். சிறுநீர் சரியாகப் பிரிவதற்காக ஆண்கள் சாப்பிடும் டாம்சுலோசின் போன்றவை அறுவையின்போது பாப்பாவைச் சுற்றியுள்ள திரையைத் தளரவைக்கும். எப்போதோ சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும் சொல்லிவிடுங்கள். முன்கூட்டியே தெரிந்தால் மருத்துவர் தயாராக இருப்பார்.

இன்னொன்று, யாரும் யோசிக்காதது: பெரியவரால் அரை மணி நேரம் மல்லாந்து அசையாமல் படுக்க முடியுமா? மூச்சிரைப்பு, கூன் முதுகு, அடங்காத இருமல் இருந்தால் அதை முதல் நாளே சொல்லுங்கள். எங்கள் தாத்தாவின் அறுவை ஒரு முறை தள்ளிப்போனது வெறும் இருமலுக்காக. காது மந்தமானவர் என்றால் அரங்கில் அவரிடம் எப்படிப் பேசுவது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சொட்டு மருந்து என்ற பெரிய வேலை

மறுநாள் கட்டுப் பிரிப்பார்கள். பலருக்கு அன்றைக்கே உலகம் நீலமாகத் தெரியும். பழுப்பு லென்ஸ் போனதால் அப்படி. எங்கள் தாத்தா வீட்டுக்குள் நுழைந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "இவ்வளவு ஒட்டடையா!" மருமகளுக்கு முகம் வாடிவிட்டது.

அன்றோடு வேலை முடிந்தது என்று எல்லோரும் கலைந்துவிடுவார்கள். ஆனால் நான்கு முதல் ஆறு வாரம் சொட்டு மருந்து இருக்கிறது. முதல் நாட்களில் பகல் முழுக்கச் சில மணி நேரத்துக்கு ஒரு முறை, பிறகு படிப்படியாகக் குறையும். கொடுக்கும் புட்டிகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே வெள்ளை, எழுத்தோ எறும்பு மாதிரி. நான் செய்வது இது: கிருமிக்கான புட்டிக்கு ஒரு ரப்பர் பேண்ட், வீக்கத்துக்கான ஸ்டீராய்டு புட்டிக்கு இரண்டு. கண் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும். சுவரில் ஒரு தாள் ஒட்டி, விட்டதும் கோடு போடச் சொல்லிவிடுவேன். இரண்டு மருந்துக்கும் நடுவே ஐந்து நிமிடம் இடைவெளி; இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும். புட்டியின் நுனி கண்ணிலோ இமையிலோ படக் கூடாது. கைகழுவுவது பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

ஸ்டீராய்டு சொட்டைச் சொன்ன நாளுக்கு மேல் 'நல்லா இருக்கே' என்று தொடர்ந்து விடக் கூடாது, கண்ணின் அழுத்தம் ஏறும். மீந்ததைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுப்பதும் கூடாது.

கண்ணைக் கசக்காமல், தண்ணீர் உள்ளே போகாமல், கனம் தூக்காமல் சில வாரம் இருந்தால் போதும். முதல் நாட்களில் லேசான உறுத்தல், நீர் வடிதல் சகஜம். ஆனால் வலி அதிகமானாலோ, கண் மேலும் சிவந்தாலோ, வந்த பார்வை மங்கினாலோ, சீழ் மாதிரி வடிந்தாலோ அன்றைக்கே மருத்துவமனை. கண்ணுக்குள் தொற்று ஏற்பட்டிருந்தால் சில மணி நேரத்திலேயே பார்வை போய்விடலாம். அந்த ராத்திரிப் பயணத்துக்கான பணம் பெரியவர் வீட்டில் தனியாக இருக்கட்டும். 'காலையில் அவரைக் கேட்டுட்டுப் போகலாம்' என்று உங்களுக்காகக் காத்திருக்கக் கூடாது. இதை முன்பே அழுத்திச் சொல்லிவிடுங்கள்.

மருத்துவமனை கொடுக்கும் காகிதங்களில், வைத்த லென்ஸின் வகையும் பவரும் வரிசை எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். பில்லில் உள்ள லென்ஸும் அதுவும் ஒன்றுதானா என்று பாருங்கள். பிறகு அதைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள், பின்னாளில் எந்தக் கண் மருத்துவரிடம் போனாலும் உதவும்.

இரண்டாவது கண்

பெரும்பாலும் ஒரு கண் முடிந்து சில வாரம் கழித்துத்தான் அடுத்தது. முதல் கண் நன்றாக வந்துவிட்டால் பெரியவரே இது போதும் என்பார், கொடுத்தவர்களும் கதை முடிந்தது என்று நினைப்பார்கள். படி இறங்கும்போது ஆழம் தெரிய இரண்டு கண்ணும் வேண்டும். வயதானவர்கள் விழுவதைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆகவே முதலில் வசூலிக்கும்போதே இரண்டு கண்ணுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். முதல் கண்ணுக்குப் பவர் கண்ணாடி போடும் நேரத்திலேயே இரண்டாவதற்குத் தேதி வாங்கிவிட்டால், ஒரு பயணமும் மிச்சம்.

மாதங்களோ வருடங்களோ கழித்து மறுபடியும் மங்கினால், புரை திரும்ப வந்துவிட்டது என்பார்கள். திரும்ப வராது. லென்ஸைத் தாங்கும் மெல்லிய உறை மங்கியிருக்கும். லேசரால் சில நிமிடத்தில் சரி செய்துவிடலாம், கத்தி இல்லை. எங்கள் தாத்தாவுக்கு இரண்டாவது வருடம் அதுவும் ஆனது. அந்த முறை அவரே தனியாகப் போய், தானே பணம் கட்டி, லேசர் வைத்துக்கொண்டு வந்துதான் எனக்குத் தகவல் சொன்னார். ரசீதை மட்டும் நீட்டி, தொகை சரியா என்று பார்க்கச் சொன்னார்.